உள்ளே போனவன் நீ

மச்சான்,

போன வாரம் யார்டில் ஒரு காலி கண்டெய்னரின் கதவைத் திறந்தேன். மிளகாய் நெடி. எந்த ஊர் மிளகாயோ, மூட்டையெல்லாம் இறங்கிப் போன பிறகும் நெடி மட்டும் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. மூக்கில் ஏறியதும் இருமினேன். இருமிவிட்டு, பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பி, "என்ன மச்சான், நீ இன்னும் இரும ஆரம்பிக்கலயா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்றவன் புதிதாகச் சேர்ந்த பீகார்க்காரன். பேந்தப் பேந்த விழித்தான்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "தும் அந்தர் ஜாவ்" என்றார். உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய முறை என்னுடையது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு, இது மாமியார் விட்ட சாபம் சார், ஏறவே விடாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் சிரித்தார். பீகார்க்காரன் ஏறிப் போனான். என் முட்டிக்கு ஒரு கேடும் இல்லை என்று உனக்கு நன்றாகத் தெரியும்.

நான் அஞ்சாவதோடு நிறுத்தியவன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். நீ படித்துவிட்டுச் சிரிக்க மாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து என் சித்தப்பா வந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? உன் வீட்டில்தான் டீ குடித்தோம். "கடலே இல்லாத புனேவுல உனக்கு என்னடா துறைமுக வேல? யார்கிட்ட கத வுடற?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "சித்தப்பா, கடல் எங்க டிப்போலேர்ந்துதான் ஸ்டார்ட் ஆவுது" என்றாய். புனேவை ஒட்டிய தேஹு ரோடில் பிறந்து வளர்ந்தவன் நீ, உன் தமிழில் பாதி இந்தி. ஆனாலும் அவருக்குப் பொறுமையாக விளக்கினாய். சாக்கன் பக்கத்து ஃபேக்டரி சாமான்களை இங்கேயே கண்டெய்னரில் ஏற்றுகிறோம். கஸ்டம்ஸ்காரர்கள் இங்கேயே பார்த்து, இங்கேயே சீல் வைக்கிறார்கள். அப்புறம் ரயிலில் மலை இறங்கி மும்பைப் பக்கத்து நவா ஷேவா துறைமுகம் போனால், அங்கே யாரும் திறப்பதில்லை, நேராகக் கப்பல்தான். "எல்லாரும் அங்க போய் நின்னு தொறந்து காட்டினா துறைமுகம் ஜாம் ஆயிடும் சித்தப்பா. அதோட பாதி வேலைய மலைக்கு இந்தப் பக்கமே நாங்க முடிச்சி அனுப்பறோம்" என்றாய். சித்தப்பா ஊருக்குப் போய் நான் கஸ்டம்ஸ் ஆபீசர் என்று சொல்லிவிட்டார். அதை நானும் மறுக்கவில்லை.

இங்கே மூடினால் அக்கரையில்தான் திறப்பார்கள். அதனால்தான் சாமான் ஏற்றும் முன்பு காலிப் பெட்டியை அப்படிப் பார்ப்பது. ஒருவன் உள்ளே போக வேண்டும். இன்னொருவன் வெளியிலிருந்து இரண்டு கதவையும் சாத்த வேண்டும். உள்ளே கும்மிருட்டு. கண் பழகும்வரை நின்று அண்ணாந்து பார்த்தால், ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். அதை விட்டுவிட்டால் மழையும் கடல் தண்ணீரும் உள்ளே இறங்கி, யாரோ பாடுபட்டுச் செய்த இரும்பெல்லாம் துருப்பிடித்துப் போய்ச் சேரும்.

நாம் ஜோடி. நான் முதல் தடவை ஏறியபோது நீ ஒரு கதவைத்தான் சாத்தினாய். அதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. குதித்து வெளியே வந்து, "உள்ள ஒரு கரப்பான் இருக்கு மச்சான், பார்வையே சரியில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. ஜோக் சொல்வது நான், உள்ளே போவது நீ என்று அதுவே வழக்கமாகிவிட்டது. என் பயத்தை யாரும் பார்க்கவில்லை, உன்னைத் தவிர.

வெளியே வரும்போதெல்லாம் இருமிக்கொண்டே வருவாய். "தள்ளு தள்ளு, பழைய டீசல் இன்ஜின் கெளம்பிடுச்சு" என்று நான் கத்துவேன். யார்டே சிரிக்கும். நீயும் இருமிக்கொண்டே சிரிப்பாய். இப்போது நினைத்தால் என் நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

உன் சாப்பாட்டுப் பையில் எனக்கென்று தனியாக ஒரு டப்பா வரும். "எனக்கு எதுக்குடா?" என்று கேட்டால், "உன் தங்கச்சி குடுத்தா. சாப்பிடு, சும்மா கேள்வி கேக்காத" என்பாய். உன் பெண்டாட்டி என் கிண்டல் பிடித்துப்போய்த்தான் அனுப்புகிறாள் என்று நினைத்து வக்கணையாகச் சாப்பிட்டேன்.

உன் காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள். தங்கச்சி என்னை நடுக்கூடத்துக்கு அழைத்து, உன் பெரியப்பாவிடம் சொன்னாள். "இவருதான் பெரியப்பா அந்த அண்ணன். எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வீக்கா இருக்கு, மூடின எடத்துக்கும் தூசிக்கும் போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிலேர்ந்து அவருக்கு பதிலா பொட்டிக்குள்ள போனது இந்த அண்ணன்தான்." சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியப்பா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன் மச்சான். ஆமாம் என்பது போல ஆட்டினேன்.

டாக்டர் சொன்னதை நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா? போயிருப்பேன் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. கடைசியில் உன்னைக் கொண்டுபோனது மாரடைப்பு என்றார்கள். இருமலைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அப்படிக் கும்பிடு வாங்கிய பிறகும்தான் போன வாரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து தேஹு ரோடு போனேன்.

தங்கச்சி எதையும் கேட்காமல் தட்டு வைத்துப் பரிமாற ஆரம்பித்தாள். "தங்கச்சி, பொட்டிக்குள்ள போனது நான் இல்ல. அவன்தான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "போங்கண்ணே. செஞ்சதச் சொன்னா கூச்சம், அதுக்கும் ஒரு கிண்டலா?"

ஊரையே சிரிக்க வைத்துப் பிழைத்தவன் உண்மையைச் சொன்னால் இதுதான் கிடைக்கும். அப்புறம் குனிந்தபடியே மறுபடியும் சொன்னேன். "நெசமாத்தான்மா. எனக்கு இருட்டுன்னா பயம். மொத நாளே குதிச்சி வெளிய வந்துட்டேன், அப்புறம் போனதே இல்ல. அவன் நெஞ்சு கதையே எனக்கு இங்க வந்துதான் தெரியும்."

கரண்டி அப்படியே நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"உள்ள போயி என்னண்ணே பண்ணுவாரு?" என்றுதான் கேட்டாள்.

"பேசிட்டே இருப்பான். வெளிய எனக்குக் கேக்கற மாதிரி. நான் இங்கதான் இருக்கேன், நீ பயப்படாத, கதவ கெட்டியா புடின்னு."

"வீட்டுல நாலு வார்த்த பேச மாட்டாரு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை மறுபடியும் எடுத்து, "எனக்கு நிம்மதி, உங்களுக்குச் சோறு. ரெண்டையும் பொய் சொல்லியே குடுத்துட்டுப் போயிருக்காரு. நான் போட்ட சோத்தயெல்லாம் இப்பத் திருப்பிக் கேட்டா குடுப்பீங்களா?" என்றாள். சிரித்தாளா அழுதாளா, நிமிர்ந்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

இன்று காலை ஃபேக்டரி சாமானுக்கு ஒரு பெட்டி வந்தது. சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஏறிவிட்டேன். பீகார்க்காரன் கதவைச் சாத்தினான். மூச்சு முட்டியது. உள்ளே பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டு கையாலும் கதவைத் தட்டிவிட்டேன். அவன் பயந்துபோய்த் திறந்தான். "இத்னி ஜல்தி?" இவ்வளவு சீக்கிரமா என்று சூப்பர்வைசர் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். ஒரு ஜோக் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை மச்சான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தேன். கூரையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்தாயிற்று என்று நான் சொல்லிவிட்டால் அந்தப் பெட்டி கடல் வரை போய்விடும்.

வெளியே இறங்கவில்லை. பீகார்க்காரனிடம், எனக்கு பயம், நீ வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இரு என்றேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. பிறகு மறுபடியும் சாத்தச் சொன்னேன்.