அழுத்தம் இறங்க ஒரு துளை

செவ்வாய், வடதுருவத் துளை முகாம்
நாள் 61. காலை 07:10
துளை நானூறு மீட்டரைத் தொட்டது. பனிக்கடியில் வாயு அழுத்தம் ஏறியது. வழக்கம்போல் பக்கத்தில் சிறு துளை போட்டேன். வெகுநேரம் சீறி அடங்கியது. மற்றபடி, தலைவலி. முகாமில் நான் மட்டும். புயலில் முகாம் அளவுகள் போவது நின்றுவிட்டது, எழுத்துச் செய்தி மட்டும் போகிறது.

நாள் 63. 13:40
மாத்திரை பயனில்லை. கண்ணுக்குப் பின்னால் ஏதோ தள்ளுகிறது. தெற்கே, தலைமை முகாமில் இருக்கும் மருத்துவர் பெனடிக்டா அக்காவிடம் மண்டையில் துளையிடலாமா என்று கேட்டேன். பதில்:
"மக்களே, ஒம் மண்டையில ஏற்கெனவே ஓட்ட இருக்குன்னுல்லா நெனச்சேன்! தண்ணி குடிச்சிட்டுப் படு."
எல்லாவற்றுக்கும் தண்ணீர்.

நாள் 64. 16:05
நூலகக் கோப்புகளைப் படித்தேன். பெருவின் மலைகளில் கிடைத்த பழைய மண்டையோடுகள். துளையின் விளிம்பில் எலும்பு வளர்ந்து மழுங்கியிருக்கிறது. அதாவது, துளைக்கப்பட்டவர் பிழைத்திருக்கிறார். சென்ற நூற்றாண்டில் சிலர் மனம் தெளியுமென்று தாங்களே துளைத்துக்கொண்டார்கள். தெளிந்தது என்றார்கள். எல்லாவற்றையும் அனுப்பினேன்.
"செத்தவன் வந்து தெளியலன்னு சொல்லுவானால? உள்ள ரத்தம் கட்டுனா நானும்தான் தொளைப்பேன், படம் எடுத்துப் பாத்துட்டு. ஒனக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல. கருவியத் தொடாத."
இல்லையென்று அங்கிருந்தே எப்படித் தெரியும்? அழுத்தம் என்றால் துளை. தினமும் இதைத்தானே செய்கிறேன்.

நாள் 66. 09:20
போட்டேன். கைக்கருவி. வலப்பக்கம். சத்தம் காதில் கேட்கவில்லை, உள்ளே கேட்டது.
வலி குறையவில்லை.

09:55
"மாறா, கேக்குதியா? புயல்ல நின்னுபோன ஒன் முகாம் அளவுகள் இப்பத்தான் வந்துது. காத்துல கரியமில வாயு ஏறிக் கெடக்கு. வடிகட்டி அடஞ்சிருக்கு, அதான் தலவலி. இப்பமே மாத்துல!"
மாற்றினேன்.

14:30
வலி இல்லை. முழுதாகப் போய்விட்டது. துளை வேலை செய்ய நேரம் எடுக்கிறது. பனியிலும் அப்படித்தான். அக்காவிடம் சொன்னேன்.
"அட பாவி! என்ன காரியம்ல செஞ்சு வச்சிருக்க? வடிகட்டி மாத்துனதுல போன வலி அது! கட்டு போட்டுட்டு அசையாமக் கெட. வண்டி எடுத்துட்டு வாரேன்."
வடிகட்டியாம். கண்ணெதிரே நடந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாள் 67. 11:00
தெளிவு. சன்னலுக்கு வெளியே ஒவ்வொரு பனித்துகளும் தனித்தனியாக. இடக்கை சொன்னதைத் தாமதமாகக் கேட்கிறது. பரவாயில்லை. எத்தனை முறை எழுதி அனுப்பினாலும் அசையாமக் கெட, அசையாமக் கெட. யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. செய்துதான் காட்ட

18:45
வண்டியிலிருந்து:
"வந்துட்டேன் மக்களே, ஒன் வெளக்கு தெரியுது. வழியெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுது. எனக்கே மண்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. கதவத் தொற."

பாவம். அவருக்கும்.
கருவியைக் கழுவிவிட்டேன். கதவைத் திறக்கப் போ