படகு நிறைய நோன்பாளிகள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று கடையில் ஒரு நைட்டிகூட நகரவில்லை. கூட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எல்லாம் விசாரிக்க வந்த கூட்டம். "பாய், ஒங்க தங்கச்சி கடல்ல நீந்தப் போறாகளாமே, நெசமா?" இந்தச் செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேரிடம்தான் சொன்னேன். அருப்புக்கோட்டைக்கு அது போதும்.

விஷயம் இது. என் தங்கை மும்தாஜ் பேகம், வயது நாற்பத்து மூன்று, தனுஷ்கோடி முனையில் இறங்கிப் பாம்பன்வரை நீந்தப் போகிறாள். இருபத்தெட்டுக் கிலோமீட்டர். மச்சான் இருந்த காலத்தில் மஸ்கட்டில் பழகிய கடல் நீச்சல். அவர் மவுத்தான பிறகு ஊருக்கு வந்தவள், மூன்று வருஷமாக என் வீட்டு மாடியில் இருக்கிறாள். இருக்கிறாள் என்றால், சத்தமில்லாமல். படியில் இறங்கும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது.

விருதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நீச்சல்குளம் கட்டியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு பெண் வேண்டுமாம். தங்க இடமும் உண்டு. இவள் போய்க் கேட்டிருக்கிறாள். தாளாளரம்மா, "கையில ஒரு சர்டிபிகேட்டும் இல்லாம கமிட்டிகிட்ட நான் என்னத்தச் சொல்ல? பெருசா ஒண்ணு நீந்திட்டு வாங்க, பேசுவோம்" என்றாராம்.

நேற்று என்னிடம் வந்து நின்றாள். "அண்ணே, படகுல கூட வர்றதுக்கு ஆள் சேத்துக் குடுங்க." மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம். சரி என்றுவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில் என்னைத் தூக்கிப் போட்டால் மிதக்கும் ஒரே சாமான் என் தொப்பிதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆள் சேர்ந்தாயிற்று. தலைவர் நான். தகுதி: நீந்துகிறவளுக்கு அண்ணன். அடுத்தவன் அய்யப்பன், திருச்சுழிக்குத் தெற்கே கம்பும் மல்லியும் போடுகிற சம்சாரி, ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. கயிற்றில் கட்டிய பாட்டிலில் கூழை ஊற்றிக் கடலில் வீசுவது அவன் வேலை. அவள் குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டால் இவன் இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது என் மகள் அஸ்பியா. நர்ஸ். இந்த அணியில் வேலை தெரிந்த ஒரே ஆள்.

படகுக்காரர் பெயர் தனுஷ்கோடி. போனில், "ஊர் பேரா, ஒங்க பேரா?" என்று நக்கலாகக் கேட்டேன். "ஊரைத்தான் கடல் கொண்டுபோச்சு பாய். நான் இருக்கேன்" என்றார். அதற்குமேல் எனக்கு நக்கல் வரவில்லை.

நீச்சல் சங்கத்திலிருந்து ஜெயக்குமார் சார் உடன் வந்து கண்காணிப்பார். அவர் சொன்ன சட்டம்: நீந்துகிறவர் படகைப் பிடிக்கக் கூடாது, படகில் இருப்பவர் அவரைத் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டாலும் நீச்சல் செல்லாது. "ஆபத்துன்னு தெரிஞ்சா தொட்டுத் தூக்கிறணும். அதை முடிவு பண்றது நீங்கதான் பாய்."

நானா!

பிப்ரவரி 16, ஞாயிறு

அய்யப்பன் தோட்டத்துக் கிணற்றில் ஒத்திகை. மும்தாஜ் உடம்பு முழுக்க மூடிய நீச்சல் உடையில் கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள், செக்குமாடு மாதிரி. (சொன்னேன். முறைத்தாள்.) மேலேயிருந்து அய்யப்பன் பாட்டில் வீசிப் பழகுகிறான். முதல் வீச்சு அவள் தலையில். இரண்டாவது என் முழங்காலில்.

"ஏலே, கடல்ல இவ்வளவு பக்கத்துல இருக்க மாட்டாலே, தள்ளி வீசு!"

"கடலு அம்புட்டுப் பெருசு, எங்கிட்டு வீசுனாலும் விழும். நீ ஓரமாப் போ."

மும்தாஜ் கிணற்றுக்குள் சிரித்தாள். கல்சுவரில் பட்டு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் சுற்றியது. அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று?

பிப்ரவரி 25

அனுமதி வந்துவிட்டது. மார்ச் 22. தேய்பிறை அட்டமி, தண்ணீர் இழுப்பு குறைவாக இருக்கும் என்று தனுஷ்கோடி குறித்துக் கொடுத்த நாள். நான்தான் எழுதிப் போட்டேன். எழுதும்போது காலண்டரில் அட்டமியைப் பார்த்தேனே தவிர ரமலானைப் பார்க்கவில்லை. நோன்பு நடுவில் வருகிறது.

நாளை மாற்றலாமா என்று மும்தாஜிடம் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல ஏப்ரல் முடியறதுக்குள்ள ஆள் எடுத்துருவாகளாம்ண்ணே. பிரயாணிக்குச் சலுகை இருக்குல்ல. அன்னைக்கு நோம்ப நான் களா வச்சுக்கிறேன்."

பெருநாள் முடிந்ததும் விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிக்கலாம். அவளுக்கு அது சரி. நமக்கு?

மார்ச் 7, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹஜ்ரத் என்னைக் கூப்பிட்டார். "ஜமால் பாய், அன்னைக்கு நீங்களும் பிரயாணிதான். நோன்பை விடலாம், குத்தமில்ல." பக்கத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். நான் விடுவேனா? "எட்டு வயசுலருந்து ஒண்ணு விட்டதில்ல ஹஜ்ரத். டைபாய்டுல கெடந்தப்பகூட." எல்லோரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். அது இரண்டு இட்லிக்குச் சமம்.

வீட்டுக்கு வந்தால் அஸ்பியா சண்டை. "அத்தா, வேல பாக்கறவுக சாப்பிட்டுத்தான் இருக்கணும். வெயில்ல நீங்க மயங்கி விழுந்தா நான் மாமியப் பாப்பேனா, ஒங்களப் பாப்பேனா?"

"நீ மாமியப் பாரு. என்னைய மீன் பாத்துக்கும்" என்றேன். கடைசியில் அத்தா வைக்கும்போது நான் மட்டும் விடுவதா என்று அவளும் வைப்பதாகச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 20

அய்யப்பன் போன். "நீ பட்டினியா ஒக்காந்திருக்கையில நான் எப்படிலே ஒன் மூஞ்சிக்கு முன்னாடி திங்கிறது? நானும் நோம்பு வச்சிர்றேன்." முருகனுக்கு இருப்பது மாதிரி நினைத்துக்கொள்வானாம்.

சந்தோஷமாக இருந்தது. படகு நிறைய நோன்பாளிகள். துஆ ஏற்காமலா போகும்? கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

மார்ச் 23, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். கை வரவில்லை.

நேற்று விடியுமுன் நாங்கள் சஹர் சாப்பாடு முடித்ததும் அவள் முனையில் இறங்கினாள். பிஸ்மில்லா சொல்லித் தண்ணீருக்குள் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. வடகடலைப் பெண் கடல் என்பார்கள் அங்கே, அலை இருக்காது. குளம் மாதிரிக் கிடந்தது. கை போட்டால் போட்ட சத்தம்கூட இல்லை. தனுஷ்கோடி, "மீன் மாதிரியில்ல போறாக" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் என்னவோ பெற்று வளர்த்த மாதிரி.

அரைமணிக்கு ஒருதரம் அய்யப்பன் பாட்டிலை வீசினான். உப்புப் போட்டுக் கரைத்த கம்மங்கூழ், அவள் கேட்டதுதான். வாங்கிக்கொள்வாள், முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள், கொஞ்ச நேரம் மிதப்பாள், காலிப் பாட்டிலை விடுவாள். "குடிச்சிட்டாக" என்று இவன் சத்தம் போடுவான். ஜெயக்குமார் சார் எழுதிக்கொள்வார்.

வெயில் ஏறியது. அய்யப்பன் இரண்டு தரம் வாந்தி. நான் மூன்று தரம். தானாக வந்த வாந்தியில் நோன்பு முறியாது என்று அவனுக்கு விளக்கம் வேறு சொன்னேன், படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு. தனுஷ்கோடி எங்களுக்காக டீ பிளாஸ்க்கைத் திறக்காமல் கால் மறைவில் வைத்திருந்தார். யாருமே எதையும் வாயில் வைக்கவில்லை. அதிலும் எனக்குப் பெருமை.

பாதி தாண்டியபின் அவள் கை தாழ ஆரம்பித்தது. அஸ்பியா படகில் எழுந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த பாட்டில் போனது. மும்தாஜ் திரும்பிக்கொண்டாள். அஸ்பியா என் தோளைப் பிடித்தாள்.

"அத்தா, தண்ணியப் பாருங்க. வெள்ளையா இருக்கு."

மும்தாஜைச் சுற்றிக் கூழ் கரைந்துகொண்டிருந்தது.

"மாமி குடிக்கல அத்தா. கொட்டுறாங்க. எப்பருந்து கொட்டுறாங்களோ!"

எனக்கு உடனே புரிந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரமலானில், விலக்கு வந்து நோன்பில்லாத நாட்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கே சாப்பிடுவார்கள்? அடுப்படிக் கதவுக்குப் பின்னால். நின்றுகொண்டு, நாலு வாய், தட்டுச் சத்தம் வராமல். நாங்கள் அந்தப் பக்கம் போனால் இருமிக்கொண்டு போவோம், அவர்கள் தட்டை மறைத்துக்கொள்வார்கள். நோன்பாளி ஆம்பிளை முன்னால் சாப்பிடுவதா? அம்மா சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரி சாப்பிட்டும் பார்த்ததில்லை. இவளுக்கு அங்கே கதவு ஏது? கடல். முதுகைத் திருப்பினாள், அவ்வளவுதான்.

ஒரு படகு நிறைய நோன்பாளிகளை ஏற்றி அவள் முன்னால் உட்காரவைத்தவன் நான். அண்ணன்! தலைவன்!

"மும்தாஜு, குடி!" என்று கத்தினேன். "போதும்ண்ணே, வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள். வார்த்தை குழறியது. "ஏ புள்ள, குடிடீ, நான்தான சொல்றேன்!" அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூழ்ச் சட்டியை எடுத்தேன். நின்றேன். எல்லோரும் பார்க்க, அவள் பார்க்க, உச்சி வெயிலில் குடித்தேன். தாடியெல்லாம் வழிந்தது. அய்யப்பன், "கொண்டாலே" என்று பிடுங்கி அவனும் குடித்தான். அஸ்பியா அழுதுகொண்டே குடித்தாள். தனுஷ்கோடி பிளாஸ்க்கைத் திறந்தார்.

அப்புறம் அவள் குடித்தாள். எங்களைப் பார்த்தபடி, கண்ணை எடுக்காமல்.

பிந்திப்போயிற்று. தண்ணீர் திரும்பிவிட்டது என்றார் தனுஷ்கோடி. பாம்பன் பாலம் கண்ணுக்குத் தெரிகிறது, அவள் நீந்துகிறாள், பாலம் அங்கேயே நிற்கிறது. ரொம்ப நேரம். உதடு நீலம். அஸ்பியா கேட்ட கேள்விக்கு மச்சான் பெயரைப் பதிலாகச் சொன்னாள். ஜெயக்குமார் சார் என்னைப் பார்த்தார்.

தொட்டேன். மணிக்கட்டைப் பிடித்தேன். "அண்ணே, வேணாம்ண்ணே, தொடாதீக" என்றாள். அதற்குள் தொட்டுவிட்டேன்.

மார்ச் 24

மாடியில் படுத்திருக்கிறாள். அஸ்பியா குளுக்கோஸ் ஏற்றினாள். நான் படியில் பாதிவரை ஏறிவிட்டு இறங்கிவிட்டேன்.

மார்ச் 31, பெருநாள்

எல்லோரும் கடலைப் பற்றிக் கேட்டார்கள். வழக்கமாக இப்படி ஒன்று கிடைத்தால் ஆறுமாதம் ஓட்டுவேன். வாந்தி எடுத்த கதை ஒன்று போதும், பந்தியே சிரிக்கும். "தண்ணி திரும்பிருச்சு" என்று மட்டும் சொன்னேன். ஹஜ்ரத்திடம் சொன்னேன், தனியாக. "ஒரு நோன்புக்கு ஒரு நோன்பு. வச்சுருங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மும்தாஜ் கடைக்கு வந்தாள். கடைக்கு அவள் வருவதே அபூர்வம். ஜெயக்குமார் சாரிடம் அவளே பேசியிருக்கிறாள். 21-ஆம் தேதி அடுத்த அட்டமி. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடல் காலியாக இருக்கும். அனுமதிக்கும் அவளே அலைந்திருக்கிறாள்.

"நல்லது. பாட்டில் கயிறு பழசாயிருச்சு, புதுசு வாங்கணும்" என்றேன்.

"அண்ணே, நீங்க வர வேணாம்."

சிரித்துப் பார்த்தேன். "நோம்பு இல்லையே இப்ப, நல்லாத் தின்னுட்டே வாரேன்."

"அதுக்கில்ல." மடித்து வைத்திருந்த துணியை மறுபடி மடித்தாள். "அன்னைக்கு நீங்க கூழ் குடிச்சீங்கல்ல. அதுக்கப்புறம் எனக்குக் கடலே தெரியல. அண்ணனை நோம்பு முறிக்க வச்சிட்டமேங்குறதுதான் ஓடுச்சு. நீங்க படகுல இருந்தா நான் ஒங்களத்தான் பாப்பேன். என்ன நெனக்கிறீங்க, மூஞ்சி வாடுதா, எல்லாம் பாப்பேன். அய்யப்பண்ணேன் தலைவரா வரட்டும்."

கோபம் வந்தது. மறைப்பானேன், நல்லா வந்தது. ஒனக்காக முறிச்சவன்டீ நான் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் மாடிக்குப் போயிருப்பாள். என்னையும் படகில் ஏற்றியிருப்பாள்.

"சரிம்மா" என்றேன். நானா சொன்னேன்?

ஏப்ரல் 21, திங்கள்

கடையில் இருந்தேன். காலையிலிருந்து போனைப் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். வந்தவர்களுக்கு அளவு மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சாயந்திரம் அய்யப்பன் கூப்பிட்டான். பின்னால் காற்று இரைச்சல், அஸ்பியா கத்துகிறாள். "ஏலே ஜமாலு, ஏறிட்டாலே! ஒம் தங்கச்சி கரை ஏறிட்டா!" அவன் அழுதான். எதிரில் ஒரு அம்மா நைட்டி கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விலைக்கே கொடுத்தேன். பயந்துபோய், துணியில் ஏதும் கிழிசலா என்று பிரித்துப் பார்த்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜூன் முதல் தேதி வேலையில் சேரச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து பேசிவிட்டார்கள். மும்தாஜ் இன்று மத்தியானம்தான் முழுசாகத் தூக்கம் தெளிந்து கீழே வந்தாள். தோள்பட்டையெல்லாம் உப்பு அறுத்த காயம். பசி என்றாள். வீட்டுக்காரி ஆட்டுக்கறிக் குழம்போடு தட்டை வைத்தாள், கூடத்தில், நடுவில்.

நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குத்தான் என் களா நோன்பு. யாரிடமும் சொல்லவில்லை, சஹருக்கு எழுந்தது வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். அவள் என்னைப் பார்த்துவிட்டு மும்தாஜிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணால் வேண்டாம் என்றேன்.

மும்தாஜ் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்து, மென்று, விழுங்கினாள். எலும்பை எடுத்துச் சத்தமாக உறிஞ்சினாள்.

"நீங்க இன்னைக்கு நோம்புன்னு தெரியும்ண்ணே" என்றாள். "அந்த ஊறுகாயை இங்கிட்டுத் தள்ளுங்க."

தள்ளினேன்.