உன் பாதி மூடிக்கொண்டது

ஃபெராரா,
நவம்பர் 9

அன்புள்ள லொரெதானா,

இனி எது பேசினாலும் எழுத்தில்தான் பேச வேண்டும் என்று உன் வக்கீல் அம்மாள் சொல்லிவிட்டார். சரி, எழுதுகிறேன். இருபத்து நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தபோது உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. பிரிந்து மூன்று மாதத்தில் தபால்தலை வாங்க வைத்துவிட்டாய்.

உன் பாதி எப்படி இருக்கிறது? பூசணிக்காய் வெட்டும் கத்தியால் நம் மீன்தொட்டியில் வளர்ந்த தோல்பவளத்தை நான் நடுவே அறுத்தபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். என் பாதி ஒரு வாரம் சுருண்டு கிடந்தது. இப்போது வெட்டுவாய் ஆறிவிட்டது. குடைபோல் விரிந்த அதன் தலைமேல் பொடி விரல்கள் எல்லாம் பழையபடி நீட்டி அசைகின்றன.

கெட்ட செய்தியும் உண்டு. மஞ்சள் மீனின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். பவளம் இருக்கும் தொட்டியில் மருந்து ஊற்ற முடியாதே! அதனால் புற ஊதா விளக்கு வாங்கி மாட்டினேன். கறுப்புக் குழாய்க்குள் விளக்கு. மோட்டார் தண்ணீரை அதன் வழியாக மெதுவாகத் தள்ளும். மிதந்து வரும் கிருமி விளக்கைக் கடப்பதற்குள் செத்துவிடும். பாறையில் ஒட்டிக்கொண்டதை மட்டும் அது ஒன்றும் செய்யாது. மூன்று வாரத்தில் தண்ணீர் அப்படித் தெளிந்துவிட்டது. மீன்கள் காற்றில் தொங்குவதுபோல் இருக்கின்றன. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று சில சமயம் கையை விட்டுப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு பத்துக்கு என் பாதி சட்டென்று மூடிக்கொண்டது. இங்கே ஓர் ஈகூட அசையவில்லை. உன் வீட்டில் ஏதாவது நடந்ததா?

என்றும் அன்புடன்,
எர்மானோ


உதினே,
நவம்பர் 16

எர்மானோவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது நாற்றம் தாங்காமல். மனம் உருகி அல்ல. அதையும் கணக்கில் சேர்த்து வைத்திருந்தால் அழித்துவிடு.

என் பாதி நலம். திரைச்சீலைக் கடைக்கு மேலேயே வீடு என்பதால் மதியம் ஏறி வந்து அதற்குத் தீனி வைக்க முடிகிறது. மஞ்சள் மீனுக்குப் பூண்டுச் சாற்றில் ஊறிய கடற்பாசி கொடு, தேறிவிடும்.

செவ்வாய்க்கிழமை அடுப்பு மாட்ட ஆள் வந்தான். சுவரில் துளை போட்டான், பவளம் மூடிக்கொண்டது. நான்கு மணி இருக்கும். நீ வாய்க்கு வந்ததைக் கேட்டாய், அது பலித்துவிட்டது. அவ்வளவுதான். ஊர் மாறி வந்த பிறகும் என் அடுப்பைப் பற்றி விசாரிக்க ஒரு வழி கண்டுபிடித்தாயே, உன்னை என்ன சொல்ல!

மூடுபனியில் விளக்கில்லாத அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு பழக் கிடங்கு வேலைக்குப் போகாதே.

லொரெதானா


ஃபெராரா,
டிசம்பர் 1

அன்புள்ள லொரி,

மஞ்சள் மீன் தேறிவிட்டது. பூண்டுக்கு நன்றி.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு உன் வீட்டுக்கு வந்தவர் யார்? என் பாதி ஏழுக்கு மூடி, ஒன்பதே காலுக்குத்தான் விரிந்தது. இடையில் எட்டே முக்காலுக்கு இன்னும் இறுகியது. புகையா? யாராவது உன் வீட்டுக்குள் சிகரெட் பிடித்தார்களா? உனக்குத்தான் புகை ஆகாதே.

சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. யோசித்துப் பார்த்தேன். வெட்டினோமே தவிர அது ஒரே உடம்புதான். உன் பாதி சொல்வது முதலிலிருந்தே இங்கே வந்துகொண்டிருந்திருக்கும். தண்ணீரில் இருந்த கசட்டில் எனக்குத் தெரியவில்லை. விளக்கு கசட்டைக் கொன்றுவிட்டது. மோட்டாரின் வேகத்தை இன்னும் குறைத்து வைத்திருக்கிறேன். தண்ணீர் விளக்கடியில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு தெளிவு.

எர்மானோ


உதினே,
டிசம்பர் 8

எர்மானோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பூட்டை மாற்றினேன். ஜன்னலுக்கு எதிரே நிற்கும் வண்டிகளைப் பார்த்தேன். உனக்காக வேவு பார்க்க இங்கே ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று.

வந்தது பக்கத்து வீட்டு துல்லியோ. மனைவியை இழந்தவர், வயது அறுபத்தெட்டு, ரேடியோவைச் சரிசெய்து கொடுக்க வந்தார். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். பவளம் சுருங்கியதும், "என்ன லொரெதானா, உங்க பவளத்துக்கு என்னைப் பிடிக்கலையா? மாமியார் மாதிரி மூஞ்சிய இழுத்துக்குதே!" என்றார். போகும் முன் ஒரே ஒரு சிகரெட். எட்டே முக்காலா என்று நான் பார்க்கவில்லை. நீ பார்த்திருக்கிறாய்.

நீ என் கோட்டை மோந்து பார்த்ததும், கடையிலிருந்து வீடு வர எத்தனை நிமிடம் என்று எண்ணியதும் அந்த வீட்டு வாசற்படியோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் போனேன். காரணம் சொல்லவில்லை. "தண்ணியில மிதக்குறது எதுவா இருந்தாலும் இந்த விளக்கத் தாண்டாதும்மா. நேரா மட்டும் பாத்துடாதீங்க, கண்ணு போயிடும்" என்றார். உன்னுடையதைப் போலவே ஒரு விளக்கு வாங்கி மாட்டிவிட்டேன். என் வீட்டிலிருந்து எது உன்னிடம் வந்தாலும் அது இந்தக் குழாயில் சாகட்டும்.

லொரெதானா


உதினே,
ஜனவரி 14

எர்மானோ,

நீ பதில் எழுதாதபோது நானே எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

விளக்கு போட்டதிலிருந்து என் பாதி காலை ஆறே காலுக்கு மூடிக்கொள்கிறது. இரவில் தொட்டியின் வெளிச்ச விளக்கு அணையும் வரை விரிவதில்லை. தண்ணீரைச் சோதித்தேன், உப்பு சரி, சூடு சரி. இங்கே அதன் முன்னால் யாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது புரிந்தது. இது நிழல் விழும்போது சுருங்குகிற சுருக்கம். அங்கே, உன் பாதியின் முன்னால், யாரோ கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது நீதானே? காலையிலிருந்து இரவு வரைக்குமா? வேலைக்குப் போகவில்லையா? பகல் பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம்கூட விரிவதில்லையே, சாப்பிடுவதும் அங்கேயேதானா?

லொரெதானா


ஃபெராரா,
ஜனவரி 19

என் லொரி,

நானேதான்.

டிசம்பரோடு கிடங்குக்குப் போவதை நிறுத்திவிட்டேன். முதலாளி ஆள் அனுப்பினார். "எர்மானோ, அங்க குளிர் மெஷின் நின்னு பேரிக்கா எல்லாம் அழுகுது. நீ இங்க மீனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியேப்பா!" என்று அவன் வாசலில் நின்று கத்தினான். நான் மீனைப் பார்க்கவில்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது?

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டிருக்கிறாய். நான் உட்காருவது உனக்குத் தெரிகிறது, எழுந்தால் தெரியும். இருபத்து நான்கு வருடத்தில் முதல்முறையாக நீ என்னைப் பார்க்கிறாய், லொரி. எனக்கு அதுதானே வேண்டியிருந்தது.

வந்துவிடு. இல்லாவிட்டால் நான் வந்து அழைத்துப் போகிறேன்.

உன் எர்மானோ


உதினே,
பிப்ரவரி 4

எர்மானோ,

உண்மையைச் சொல்கிறேன். போன சனிக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையம் வரை போனேன். ஆறே காலிலிருந்து ஒரு மனிதன் பட்டினியாகத் தொட்டியோரம் உட்கார்ந்திருப்பது தெரிந்த பிறகு இங்கே நிம்மதியாகத் திரைச்சீலை தைக்க முடியவில்லை. அவ்வளவு பாவமாக இருந்தது.

சீட்டு எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். உள்ளே என் குறிப்பேடு. அதில் என் கையெழுத்தில் ஆறு பதினைந்து, ஆறு பதினாலு, ஆறு பதினைந்து என்று நான்கு பக்கம். நான் எப்போது அதை எழுதத் தொடங்கினேன் என்றே நினைவில்லை. உன்னைப் போலவே நிமிடத்துக்கு அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். நடைமேடையில் நின்று அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

விளக்கை அணைத்து ஐந்து நாள் ஆகிறது. தண்ணீர் கலங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் என் பாதி மூடிக்கொள்வது நிற்கவில்லை. அது மிதந்து வருவதில்லை போலிருக்கிறது; எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீயும் உன் விளக்கை அணை. நாற்காலியை வேறு அறைக்கு எடுத்துப் போ. வேலைக்குப் போ. நான் வரமாட்டேன். நீயும் வராதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

லொரெதானா


உதினே,
பிப்ரவரி 20, காலை

எர்மானோ,

இந்தக் கடிதத்தைத் துல்லியோ உன் கையில் கொடுத்திருப்பார். அவரிடம் கோபப்படாதே. நான் எங்கே போகிறேன் என்று அவருக்கும் தெரியாது. "நீங்க சொல்லாதீங்க, நான் கேக்கவும் மாட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது" என்று சொல்லிவிட்டார்.

இன்று காலை ஏழு இருபதுக்கு என் பாதி விரிந்தது. இந்த இரண்டு மாதத்தில் பகலில் அது அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. குடை முழுக்க விரல்கள் நீண்டு, மெல்ல ஆடிக்கொண்டு, அவ்வளவு அழகாக இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் அரை நிமிடம். பிறகு புரிந்தது. உன் நாற்காலி காலி. காலை வண்டியைப் பிடித்திருக்கிறாய். மெஸ்த்ரேயில் மாறி, பத்தரைக்கு இங்கே இறங்குவாய். நாம் புதிதாகக் கல்யாணமான வருடம் என் அக்காவைப் பார்க்க அதே வண்டியில்தான் வந்தோம்.

எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. மீன்களைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். வக்கீல் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். இனி எழுத்தும் வேண்டாம் என்றார்.

உன்மேல் எனக்கு இரக்கம் உண்டு, எர்மானோ. பயமும் உண்டு. இரண்டில் பயம்தான் பெரிது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல ஒருநாளும் துணிந்ததில்லை.

படிக்கட்டுக்குக் கீழே வெள்ளை வாளி ஒன்று மூடி போட்டு இருக்கிறது. அதற்குள் என் பாதி. வீடு சேரும் வரை தண்ணீரை ஆறவிடாமல் உன் கோட்டைச் சுற்றி எடுத்துப் போ. உன் பாதியோடு வெட்டுவாய்க்கு வெட்டுவாய் சேர்த்து, தளர்வாக நூல் கட்டி வை. ஒரே உடம்பு என்று நீதானே சொன்னாய். மூன்று நான்கு வாரத்தில் எங்கே அறுத்தோம் என்று தெரியாமல் கூடிவிடும். எல்லாம் உனக்கே இருக்கட்டும். எனக்கு ஒரு துண்டும் வேண்டாம்.

கூடிய பிறகு அது மூடினாலும் விரிந்தாலும் ஒரு வீட்டைப் பற்றித்தான் சொல்லும். அந்த வீட்டில் நீ மட்டும்தான் இருப்பாய்.

லொரெதானா