கல்வெட்டில் முதல் வரி

உங்கள் அலுமாரியைத் திறந்தால் இன்னும் சப்பாத்துப் பொலிஷ் மணக்கிறது. இங்கே கனடாவில், மல்வேர்னில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிற சப்பாத்தையும் முகம் தெரியத் தேய்ப்பீர்கள். "நேவியில பழகினது, விடுமோ?" என்பீர்கள். அந்தச் சொல்லை வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வீர்கள்.

நீங்கள் இலங்கை நேவியில் சேர்ந்தபோது சண்டை இல்லை. ஊரே பெருமைப்பட்டது. சண்டை வந்த பிறகும் கப்பலில் நின்றீர்கள். அங்கே தமிழன் என்பதால் உங்களை நம்பவில்லை, எங்கள் சனம் துரோகி என்றது. இந்தியாவுக்குத் தப்பிப்போன வள்ளமொன்றை மறித்து, பிறகு போகவிட்டீர்கள். அதற்காகத்தான் வேலை போனது. சனமோ, பிடித்துக் கொடுத்தவன் என்றது. அந்தக் கதை எங்களுக்கு முன்பே கனடாவுக்கு வந்துவிட்டது.

மீன்கடையில் ஒருவன், "நேவியர் வாறார், மீனை ஒளியுங்கோ" என்றானே, நினைவிருக்கிறதா? அந்த வள்ளத்தில் போய், இப்போது இங்கே மார்க்கம் நகரில் இருக்கிறவர் பக்கத்தில்தான் நின்றார். மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பொருமினேன். "விடும். அவன் உயிரோட நிக்கிறான், காணும்" என்றீர்கள்.

போன மாதம் உங்கள் செத்தவீட்டில் அதே மனிதர் என் கையைப் பிடித்து அழுதார். முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, உங்கள் வாழ்க்கையை எழுதிக் கல்வெட்டு என்று புத்தகம் அடிக்க வேண்டும். அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, வள்ளத்தில நடந்ததை ரெண்டு வரி எழுதித் தாரும்."

"அக்கா, அண்ணை எனக்குத் தெய்வம். ஆனா உது எழுத்தில வேண்டாம். நான் கோயில் கமிற்றியில இருக்கிறன், சனம் கதைக்கும்."

"தெய்வத்துக்கு ரெண்டு வரி இல்லையோ?"

போனை வைத்துவிட்டார்.

எங்கள் மகனும் பயந்தான். "அம்மா, 'ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர்' எண்டு போடுவம். பிரச்சினை இல்லை."

"உன்ர அப்பர் என்ன, தபால் கந்தோரிலயோ இருந்தவர்?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் முதல் வரியை நானே எழுதினேன்: 'கடற்படை அதிகாரி'. அச்சடிக்கிறவர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். சொல்லை மாற்ற நான் விடவில்லை. வள்ளத்தை விட்டதும், அதனால் வேலை போனதும் அடுத்த வரிகளில் இருக்கின்றன.

மார்க்கத்துக்காரரின் பெயரையும் எழுதத்தான் பேனையைப் பிடித்தேன். நீங்கள் விட்டுவிட்ட ஆளைப் பிடித்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெயர் வாய்க்குள் கசந்துகொண்டு கிடக்கிறது.