படகுத்துறைக்குப் போகும் வீதி

மேசையில் உம்முடைய பென் டிரைவ் கிடக்கிறது. தொலைந்துவிடாமல் இருக்க அதன் காதில் வலை பின்னும் நீல நைலோன் நூலைக் கட்டி வைத்திருக்கிறீர். மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் எஞ்சின் ஒயில் மணக்கிறது. நீர் கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, குருநகர்க் கோவில் வாசலில் நின்றபோது உம்முடைய மனைவி அதை என் கையில் வைத்தார்.

“அண்ணை, ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடேக்கை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர். தன்ரை முறையை விளையாடிப்போட்டாராம். இனி நீங்களாம்.”

ஒன்பது நாட்களாக நான் அதைத் திறக்கவில்லை. எதையும் உடனே செய்கிற ஆள் நானல்லன் என்பது உமக்குத் தெரியும்.

உம்முடைய மகள் கனடாவிலிருந்து அனுப்பிய மடிக்கணினியோடு வந்த விளையாட்டு அது. என் வீட்டுக் கணினியிலும் அதை ஏற்றித் தந்தீர். ஸ்டாலின்கிராட் நகரச் சண்டை. நகரம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். ஒருவர் தன் படைகளை நகர்த்தி முடித்த பிறகே மற்றவர் நகர்த்தலாம். வள்ளங்களின் எஞ்சின் திருத்தி ஓய்ந்த உமக்கும், நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து ஓய்ந்த எனக்கும் அதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடைத்திராது. சனிக்கிழமை நான் என் முறையை விளையாடிச் சேமித்த பென் டிரைவை நல்லூரிலிருந்து சைக்கிளில் கொண்டு வருவேன். புதன்கிழமை நீர் கொண்டு வருவீர்.

நீர் நகரைக் காத்தீர், நான் தாக்கினேன். தாக்கினேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நகரத்தை வரைபுத்தாளில் பிரதியெடுத்து, வீதிகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொரு நகர்வையும் பென்சிலால் குறித்த பிறகுதான் கணினியில் கை வைப்பேன். நீர் அரை மணித்தியாலத்தில் முடிப்பது எனக்கு மூன்று நாள். “ஐசே, உம்மடை ஆமி பென்சில் சீவியே களைச்சுப்போகும்” என்பீர்.

அந்த நகரத்தின் ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறை; அதற்குப் போக ஒரேயொரு வீதி. துறையைப் பிடித்தால் தாக்குகிறவன் வென்ற மாதிரித்தான். என் படை அதற்கு இரண்டு கட்டம் தள்ளி வந்து நின்றது. அடுத்த முறையும் நின்றது. அதற்கடுத்த முறையும் நின்றதைக் கண்ட நீர், என் வீட்டுப் படலையைத் திறந்தபடியே சத்தம் போட்டீர்.

“உமக்கென்ன விசரே? துறையைப் பிடிச்சால் ஆட்டம் முடிஞ்சுது. ஏன் நிக்கிறீர்?”

“சனம் போற பாதை அது ஒண்டுதானே. போகட்டும் எண்டு பாத்தன்.”

“எந்தச் சனம்? உதுக்குள்ளை சனமே இல்லை ஐசே! விளையாட்டைச் செய்தவன் சனத்தைப் போடேல்லை.”

வயிறு குலுங்கச் சிரித்தீர். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

இருவருக்கும் ஒரே பாலம்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொண்ணூற்றைந்தில், ஆமி நெருங்கி வர யாழ்ப்பாணமே ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த மழைநாளில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்த சனத்துக்குள்தான் உம்மை முதன்முதலில் கண்டேன். மாற்றுடுப்புக்கூட இல்லாமல், சைக்கிள் கரியரில் ஒரு வள்ள எஞ்சினைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தீர். நான் என் வரைகருவிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தேன். மேலே நடக்க முடியாமல் நான் நின்றபோது, யாரென்றும் கேட்காமல், “ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு வாரும். பாலம் திறந்துதான் கிடக்கு” என்றீர்.

படலையில் சத்தம் போட்ட அன்று, தேத்தண்ணீரைக் குடித்துக் கோப்பையை வைத்தபடி சொன்னீர்.

“சரி. அந்த ரோட்டிலை உம்மடை ஆமியும் வேண்டாம், என்ரை ஆமியும் வேண்டாம்.”

அன்றிலிருந்து அது எங்கள் சட்டம். கணினிக்குத் தெரியாத சட்டம்.

ஆனாலும் எனக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. சனத்தைச் சொல்லி என் பயத்தை மறைத்தேனோ? ஒரு கோழைக்கு இரங்கி நீர் விட்டுக்கொடுத்தீரோ? உம்மிடம் கேட்கத் துணிவு வரவில்லை. பென் டிரைவைத் திறக்காமல் வைத்திருந்ததும் இதனால்தான். நீர் தோற்றுக்கொண்டிருந்தீர். துறையை விட்டால் வெற்றி தரும் இன்னோர் இடமான ரயில் நிலையத்தை என் படைகள் மூன்று பக்கமும் வளைத்துவிட்டன. ஆற்றங்கரையில் மிஞ்சியிருந்த உம்முடைய படை துறை வீதியால் வந்தால் நிலையம் தப்பும். வேறு வழியே இல்லை. வரைபுத்தாளில் நாலு தரம் சரிபார்த்திருந்தேன். கடைசி முறையில் நீர் அந்த வீதியால் வந்திருந்தால், சட்டம் என் ஒருவனுடைய பயமாகவே முடிந்துபோகும்.

இன்று காலை திறந்தேன்.

வீதி வெறுமையாகக் கிடந்தது. உம்முடைய படை இடிந்த வீடுகளுக்குள்ளால், ஒருபோதும் நேரத்துக்கு வந்து சேர முடியாத சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படைக்குப் புதுப் பெயர் ஒன்றும் வைத்திருந்தீர். அந்த விளையாட்டில் தமிழ் எழுத்து விழாது; ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டியிருந்தீர். எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“சனம் போகுது. சுத்திப் போறம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். பிறகு என் முறையை விளையாடினேன். பென்சிலைத் தொடவில்லை. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை, நிலையம் விழுந்தது. முறையை முடிக்கவா என்று கணினி கேட்டது. அந்தக் கேள்வியைக் கண்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்குகிறவன் நான். இன்று “ஓம்” என்று வாய்விட்டுச் சொல்லி அழுத்தினேன். வெற்றி எனக்கு என்று திரையில் வந்தது. துறை வீதியில் மட்டும் இரண்டு பேருடைய படையும் இல்லை.

பென் டிரைவை நீல நூலோடு வரைகருவிப் பெட்டிக்குள் வைக்கிறேன். உம்முடைய சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்தபடி நான் அணைத்துக்கொண்டு பாலம் கடந்த அதே பெட்டி. அந்த வீதியை விட்டது பயத்தால் அல்ல. இதை நான் இரண்டாம் தரம் சரிபார்க்கப் போவதில்லை.