எந்தத் தலைப்பின் கீழ்

மார்ச் 4, திங்கள்

விடுப்பு முடிந்து இன்று அலுவலகம் போனேன். கப்பலில் வரும் சரக்கு சுங்கப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. முதல் கோப்பே பொம்மைகள். இன்னதன் கீழ் வரும் என்பதற்கு "ஃபால்ஸ் அண்டர்" என்பது வரை தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காதீர்கள் என்று சொல்லிவைத்திருப்பார்கள்.

மார்ச் 6

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். மயக்கம் தெளிந்து, குழந்தை எங்கே என்று கேட்டேன். "திஸ் ஃபால்ஸ் அண்டர் ஸ்டில்பர்த், மா." இறந்தே பிறந்தது என்று அர்த்தம். நான் தினமும் பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடுகிற வார்த்தை அது.

ஆனால் குழந்தை அழுததே? ஒரே ஒரு தடவை. அரை மயக்கத்தில்தான் இருந்தேன் — இருந்தாலும் கேட்டது.

மார்ச் 7

இன்றும் கேட்டது. கிடங்கில் பெட்டியின் டேப்பைக் கிழித்தார்கள், அந்தச் சத்தத்துக்குள்ளே.

மார்ச் 11

அக்கா வந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். மயக்க மருந்து அப்படித்தான் படுத்தும், மனசைப் போட்டு அலட்டிக்காதே என்றாள். பக்கத்திலிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து மாடிக்குப் போய்த் துணியை எடுத்து வந்தார். எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். காலையில்தான் துவைத்துப் போட்டிருந்தேன். மடித்து வேறு வைத்தார்.

மார்ச் 15

எதிலும் சேராத சரக்குக்கென்று ஒரு தலைப்பு உண்டு — "வேறெங்கும் குறிப்பிடப்படாதவை." அதைத் தட்டும்போது சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்கவில்லை. மேலாளரம்மா தன் அறைக்குள் என்னை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார்.

மார்ச் 17, ஞாயிறு

குழந்தை அழுததா என்று அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அழுதா. வெளியில நின்னுட்டிருந்தேன், எனக்கும் கேட்டுச்சு."

உயிரோடு பிறந்து இறந்ததாக எழுதினால் விசாரணை வரும், உடம்பை அறுத்துப் பார்ப்பார்கள், இறந்தே பிறந்ததாக எழுதினால் உடம்பை இப்போதே கொடுத்துவிடலாம் என்றாராம் டாக்டர். இவர் தலையாட்டியிருக்கிறார்.

"அவள அறுக்க விட எனக்கு மனசு வரல."

அப்போ நான்? எனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருந்துச்சு இத்தனை நாளா? பக்கத்துலயே படுத்துக்கிட்டு, நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு...

மார்ச் 18

அவர் போட்டுவைத்த காபியை அப்படியே விட்டுவிட்டு அலுவலகம் போனேன்.

மார்ச் 20

யார் ஜாடை என்று கேட்டேன். உன் நெற்றி என்றார். கையில் வாங்கும்போது சூடாக இருந்தாளாம். உள்ளங்கையில் விரலை வைத்ததும் பிடித்தாளாம். சொல்லும்போது அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போகவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மார்ச் 25

ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினேன். நாலு வரி ஆங்கிலம். இது அந்த வகையின் கீழ் வராது, உயிருடன் பிறந்த குழந்தை என்ற வகையின் கீழ் வரும். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு நிச்சயமாக எதையும் எழுதியதில்லை. சாட்சிக் கையெழுத்து அவருடையது.

ஜூன் 9

பதிவைத் திருத்திவிட்டார்கள். அன்று பிரசவ அறையில் இருந்த நர்ஸும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். பிறப்புக்கு ஒரு சான்றிதழ், இறப்புக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே தேதி.

ஜூன் 30

கொஞ்ச நாளாக எனக்கு அந்த அழுகை கேட்பதில்லை.

இன்று காலை அவர் குளியலறையிலிருந்து பாதிச் சோப்போடு வெளியே வந்தார். "உனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

கேட்டது என்றேன்.