அண்ணன் போட்ட கணக்கு

மார்ச் 3
அண்ணனுக்கு இருக்கிறது. அம்மாவைக் கொண்டுபோன, நரம்பைக் கெடுத்துக் கைகாலைத் தானாக ஆடவைக்கும் அதே ஹன்டிங்டன் நோய். ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு டாக்டர் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான். "பிள்ளைங்களுக்கு வர ரெண்டுல ஒண்ணு வாய்ப்புன்னு சொன்னாங்கல்ல, அந்த ஒண்ணை நான் வாங்கிக்கிட்டேன். நீ நிம்மதியா இரு." கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்காகவா, எனக்கில்லை என்றா? தெரியவில்லை.

மார்ச் 5
சித்தப்பா வந்திருந்தார். "நீ அப்படியே உங்கப்பா சாயல். அம்மா மூக்குகூட உனக்கு வரல, அந்த வியாதியா வரப்போகுது?" என் மூக்கை ஒருவர் மெச்சியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9
கேக்கில் க்ரீம் ரோஜா போடும்போது கை ஒருமுறை துள்ளியது. ரோஜா முட்டைக்கோஸ் ஆகிவிட்டது. தூக்கமில்லாததால் இருக்கும். அம்மாவுக்கும் கையில்தானே ஆரம்பித்தது?

மார்ச் 15
மனசு கேட்காமல் மரபணு ஆலோசகரைப் பார்த்தேன். பொறுமையான பெண். "இது பாகப்பிரிவினை இல்லம்மா, ஆளுக்கொண்ணுன்னு பிரிக்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா காசு சுண்டற மாதிரி. அண்ணனுக்கு விழுந்ததுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல."
சாயல்?
"மூக்கு வேற, இது வேற."
பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அப்படியென்றால் இருவருக்கும் வந்திருக்கலாம். இருவருக்கும் வராமலே போயிருக்கலாம். பாதி பாதி என்றால் பாதிதானே — பின்னே எப்படி? இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

மார்ச் 16
ஒன்றும் ஓடவில்லை.

மார்ச் 22
ஆலோசகர் சொன்னதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்றேன். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு இல்லைங்கற ஒரு நினைப்புலதான் அவர் நாலு வாய் சாப்பிடறார். அதையும் பிடுங்காதே." சொல்லவில்லை.

ஏப்ரல் 2
நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 30
இல்லையாம். எனக்கு இல்லையாம்.
சந்தோஷம்தான். ஆனால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாரிடமோ திருடிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. அண்ணன் போட்ட கணக்கு தப்பு, விடை மட்டும் சரி. இனி அவனிடம் எதையும் சொல்லத் தேவையில்லை, அப்பாடா.

மே 6
அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் மகள்கள் இருவரும் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "பெரியவளைப் பத்திக் கவலையில்ல. சின்னவதான் என்னை உரிச்சு வெச்சிருக்கா. வந்தா அவளுக்குத்தான். நீச்சல் வகுப்பை நிறுத்திட்டேன், எதுக்கு வீணா."
சின்னவளுக்கு எட்டு வயசு. அய்யோ, நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததால இந்தப் பொண்ணு தலையில விடியுதே.
மாடிப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணா, நீ எனக்காக எதையும் வாங்கிக்கல. எனக்கும் வந்திருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டேன், இல்லை." மற்றதையும் ஆலோசகர் சொன்னபடியே சொன்னேன்.
படியில் உட்கார்ந்துவிட்டான்.
"அப்ப பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் வரலாமா?"
"வரலாம்."
"ரெண்டு பேருக்கும் வராமலும் போகலாமா?"
"போகலாம்."
எழுந்து உள்ளே போய்விட்டான். அவனிடமிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிவிட்டேனா, இல்லை ஏதாவது கொடுத்தேனா? எனக்கே குழப்பம்.

மே 11
அண்ணி போன் செய்தார். அண்ணன் சின்னவளை நீச்சலுக்குக் கூட்டிப்போயிருக்கிறானாம். என்னோடு இன்னும் பேசவில்லை.